பத்துப் பட்டன், பத்திலும் ஒன்பது

பாலிடெக்னிக்கில் படிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “பைதானில் டிகிண்டர் வைத்து ஒரு கால்குலேட்டர் செய்தேன். 0 முதல் 9 வரை பத்துப் பட்டன்களையும் ஒரே லூப்பில் உருவாக்கினேன். பட்டன்கள் மேல் எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் எதை அழுத்தினாலும் 9 விழுகிறது. ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வரியில் ஏதோ சேர்த்துத் தந்தது, சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது?”

கேள்வியின் கடைசி இரண்டு சொற்களுக்காகவே இவருக்கு ஒரு கட்டுரை எழுதலாம். “இனி புரோகிராமிங் படிக்கவே வேண்டாம், கேட்டால் போதும்” என்று ஒரு கூட்டமும், “ஆறே வாரத்தில் ஆப் டெவலப்பர்” என்று இன்னொரு கூட்டமும் கூவிக்கொண்டிருக்கும் காலம். சரியாகிவிட்ட பிறகும் ஒருவர் ஏன் என்று கேட்பது அபூர்வம். ஏ.ஐ. அந்த வரியைச் சரியாகச் சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. பைதானின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் வரிசையில் இது பல காலமாக உட்கார்ந்திருக்கிறது. லூப்புக்குள் செய்த லாம்டாக்கள் (அவை என்ன என்று கீழே பார்ப்போம்) எல்லாம் ஏன் ஒரே விடையைத் தருகின்றன என்பதுதான் அந்தக் கேள்வி.

இந்த 9 வருவதற்கு முன்னால் எல்லோரும் தாண்டி வரும் ஒரு பள்ளம் உண்டு. பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இடத்துக்கு, பைதானில் விண்டோவும் பட்டனும் செய்ய உதவும் டிகிண்டரில், ‘கமாண்ட்’ என்று பெயர். அங்கே ஃபங்ஷனின் பெயரை மட்டும் தர வேண்டும். எண்ணையும் சேர்த்து அனுப்பும் ஆசையில் ‘அழுத்து(எண்)’ என்று அடைப்புக்குறி போட்டுவிட்டால் ஃபங்ஷன் அந்த இடத்திலேயே ஓடிவிடும். விண்டோ திரைக்கு வருவதற்குள் பத்து எண்களும் வரிசையாக விழுந்து முடிந்திருக்கும். ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராததால் பட்டனின் கையில் மிஞ்சுவது வெறுமை. பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பட்டன் தேமே என்று கிடக்கும்.

அடைப்புக்குறி போட்டால் இப்போதே ஓடுகிறது, போடாவிட்டால் எண்ணைச் சொல்ல இடமில்லை. இந்த இக்கட்டில் எல்லோரும் போய்ச் சேரும் இடம் லாம்டா. ‘லாம்டா: அழுத்து(எண்)’ என்று எழுதினால் பெயரில்லாத ஒரு குட்டி ஃபங்ஷன் கிடைக்கும். அதற்கு வெளியிலிருந்து எதுவும் தர வேண்டாம். யாராவது அழைத்தால் அது போய் ‘அழுத்து’ ஃபங்ஷனை எண்ணோடு அழைக்கும். பட்டனிடம் இதைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். (வேரியபிளுக்கு ‘எண்’ என்று தமிழில் பெயர் வைத்திருப்பது என் கற்பனை அல்ல. 2008இல் வந்த பைதான் 3 முதல் இது செல்லும். ‘ஃபார்’, ‘இஃப்’ போன்ற கட்டளைச் சொற்கள்தான் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன.)

வாசகரின் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. பட்டன்கள் மேல் எண்கள் சரியாக இருக்கின்றன என்கிறார். அந்த எண்ணும் அதே லூப்பில், அதே வேரியபிளிலிருந்து எடுக்கப்பட்டதுதான். மேலே எழுதியது சரியாகவும் உள்ளே போனது தப்பாகவும் இருக்கிறதென்றால், இரண்டும் வேரியபிளைப் படித்த நேரம் வேறு வேறாக இருக்க வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்கப் பத்து தூக்குச்சட்டி வாங்கியிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பேர் வெட்ட வேண்டும். பேர் வெட்டுபவர் நல்ல மனிதர், ஆனால் கொஞ்சம் சோம்பல். மெஷினைக் கையில் எடுக்காமல் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு சீட்டை ஒட்டிவிடுகிறார்: ‘பேர் தெரிய வேண்டுமானால் கடைக் கரும்பலகையைப் பார்க்கவும்.’ முதல் சட்டிக்குச் சீட்டு ஒட்டும்போது பலகையில் மீனாட்சி என்று எழுதியிருந்தார். அதை அழித்துக் காமாட்சி, அதை அழித்து அடுத்த பேர். கடைசியில் விசாலாட்சி. அத்தோடு வேலை முடிந்தது, பலகையை யாரும் அழிக்கவில்லை. அடுத்த வாரம் பத்துப் பேரும் தனித்தனியாகக் கடைக்கு வந்து பார்க்கிறார்கள். பத்துச் சட்டியும் விசாலாட்சியுடையது.

லாம்டா அந்தச் சீட்டுதான். அதற்குள் 0, 1, 2 எதுவும் இல்லை. ‘எண்’ என்ற பெயர் மட்டும் இருக்கிறது. லாம்டாவை உருவாக்கும்போது அந்தப் பெயரில் என்ன இருக்கிறது என்று பைதான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. க்ளிக் செய்யும்போதுதான் பார்க்கிறது. அதற்குள் லூப் எப்போதோ ஓடி முடிந்து, பலகையில் 9 நின்றுகொண்டிருக்கிறது. பட்டன் மேல் எழுதும் எண்ணோ உருவாகும் கணத்திலேயே படிக்கப்பட்டுவிட்டது.

இங்கே நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். லூப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்திருந்தால் என்ன ஆகும்? ஃபங்ஷன் முடிந்ததும் அதன் உள்ளூர் வேரியபிள்கள் மறைந்துபோக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் பட்டன் அடுத்த மணி நேரத்தில் அழுத்தப்படலாம், அப்போது ‘எண்’ வேண்டும். எனவே பைதான், புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதே, உள்ளே இருக்கும் ஒரு ஃபங்ஷன் இந்த வேரியபிளைத் தொடுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வழக்கமான இடத்தில் வைக்காமல் ‘செல்’ என்ற தனிப் பெட்டியில் வைக்கிறது. லாம்டா என்பது உண்மையில் இரண்டு பொருள்களின் ஜோடி. ஒன்று, செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று, அந்தப் பெட்டிக்கான வழி. இந்த ஜோடிக்குத்தான் ‘க்ளோஷர்’ என்று பெயர். பைதானில் இதைப் பிரித்தே பார்க்கலாம். பத்து லாம்டாக்களையும் பிரித்துப் பார்த்தால் பத்தும் ஒரே பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

நம் கடைக்கு வந்தால், ஷட்டரை இறக்கிக் கடையையே காலி செய்த பிறகும் அந்தக் கரும்பலகையை மட்டும் தூக்கி எறிய முடியாது. ஊரில் எங்காவது ஒரு தூக்குச்சட்டியில் சீட்டு ஒட்டியிருக்கும்வரை பலகை இருந்தாக வேண்டும். கடைசிச் சீட்டும் கிழிந்த பிறகுதான் பைதானின் நினைவக நிர்வாகி பலகையை எடுத்துப்போவார். கடையை விலைக்கு வாங்குபவர் பலகையையும் பராமரிப்பதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உவமை முனகும் சத்தம் எனக்கும் கேட்கிறது. ஆனாலும் இதை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துப் போகலாம்.

ஏ.ஐ. சேர்த்துத் தந்த வரி அனேகமாக இதுவாகத்தான் இருக்கும்: ‘லாம்டா எண்=எண்: அழுத்து(எண்)’. பார்ப்பதற்கு அர்த்தமே இல்லாதது போல இருக்கும். இடப்பக்கத்து ‘எண்’ லாம்டாவின் சொந்த உள்ளீடு. வலப்பக்கத்து ‘எண்’ பலகையில் இருப்பது. உள்ளீட்டுக்குத் தரும் இந்த டிஃபால்ட் மதிப்பைப் பைதான், ஃபங்ஷன் உருவாகும் கணத்திலேயே படித்து ஃபங்ஷனோடு சேர்த்து வைத்துவிடும். அதாவது சோம்பேறி கடைசியில் மெஷினை எடுத்துப் பேரை வெட்டிவிட்டார். பைதான் 2.5இல், 2006இல் வந்த ‘ஃபங்டூல்ஸ் பார்ஷியல்’ செய்வதும் இதே வெட்டு வேலைதான், எழுத்து இன்னும் சுத்தமாக இருக்கும். நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

‘எண்=எண்’ என்ற தந்திரம் இந்தக் கோளாறுக்கு மருந்தாகப் பிறந்ததே அல்ல. 2001க்கு முந்தைய பைதானில் க்ளோஷர் என்பதே கிடையாது. உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு வெளி ஃபங்ஷனின் வேரியபிள்கள் கண்ணில் படாது. எனவே டிகிண்டர் எழுதியவர்கள் ஒவ்வொரு பட்டனிலும் ‘ரூட்=ரூட்’, ‘செல்ஃப்=செல்ஃப்’ என்று கையால் திணித்துக்கொண்டிருந்தார்கள். இந்த அவஸ்தையை நீக்க ஜெரமி ஹில்டன் எழுதிய முன்மொழிவில் டிகிண்டர் பட்டன் ஒன்றே உதாரணமாக நிற்கிறது. பைதான் 2.1இல் க்ளோஷர் விருப்பத் தேர்வாக வந்தது, 2.2இல் எல்லோருக்கும் பொதுவானது. அவஸ்தை போயிற்று, கூடவே ஃபங்ஷனுக்குள் செய்த பத்துப் பட்டனிலும் 9 வந்து சேர்ந்தது. பழைய வில்லங்கத்துக்குப் போட்ட ஒட்டு, புதிய வில்லங்கத்துக்கு வைத்தியமாகிவிட்டது.

அப்படியானால் சீட்டு மோசம், வெட்டு நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். ‘சேமி’ என்றொரு பட்டனை வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எழுதும் பெட்டியில் நாம் இன்னும் எதையும் தட்டச்சு செய்யாதபோது அது உருவாகிறது. உருவான கணத்தில் பெட்டியில் இருந்ததை வெட்டி வைத்துக்கொண்டால் வெற்றுத்தாளைத்தான் காலமெல்லாம் சேமித்துக்கொண்டிருக்கும். விளையாட்டில் ஸ்கோரைக் காட்டும் பட்டனும் அப்படித்தான், அழுத்தும்போது என்ன ஸ்கோரோ அதுதான் நமக்கு வேண்டும். பட்டனுக்கு எண்ணை ‘எப்படி’ அனுப்புவது என்று எல்லா டுடோரியல்களும் சொல்லித் தருகின்றன. அந்த எண் ‘எப்போது’ படிக்கப்படும் என்பதைச் சொல்வதில்லை. பட்டன் பிறக்கும் நேரம் ஒன்று, அழுத்தப்படும் நேரம் வேறொன்று. சாதாரணமாக மேலிருந்து கீழே ஓடி முடியும் புரோகிராமில் இந்த இரண்டு நேரம் என்ற சிக்கல் தலைகாட்டாமலே போகலாம். பட்டன் வந்ததும் தலைகாட்டிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெரிந்து மிக நிர்வாணமாகக் காட்டுவது டிக்கிள் என்ற பழைய மொழி. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கியது. டிகிண்டரின் அடியில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது அவருடைய டிகே கருவித்தொகுப்புதான். டிக்கிளில் பட்டனுக்குத் தரும் கட்டளை ஃபங்ஷன்கூட அல்ல, வெறும் எழுத்துச் சரம். அந்தச் சரத்தை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் வேரியபிளின் மதிப்பு இப்போதே உள்ளே போய் உட்காரும். வளைவு அடைப்புக்குள் எழுதினால் பெயர் அப்படியே நிற்கும், அழுத்தும்போது படிக்கப்படும். இப்போதா அப்போதா என்ற கேள்வி முழுவதும் ஒரு நிறுத்தக்குறியில் அடங்கிவிட்டது. நம் வாசகர் பைதானில் லாம்டா எழுதும்போதும் அடியில் நடப்பது இதுதான். டிகிண்டர் அந்த லாம்டாவுக்கு ஒரு நீண்ட எண்ணையும் ஃபங்ஷனின் பெயரையும் ஒட்டி ஒரு புனைபெயர் சூட்டி, டிக்கிளிடம் பதிவுசெய்கிறது. நிஜப் பட்டனுக்குத் தெரிந்தது அந்தப் பெயர்ச் சரம் மட்டுமே. அதற்குப் பைதானும் தெரியாது, 9உம் தெரியாது.

வரலாறு கேட்காமல் சிலர் விடமாட்டார்கள். சுருக்கமாக: லாம்டா 1930களில் அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர் பயன்படுத்திய கணிதக் குறி. ஜான் மெக்கார்த்தியின் லிஸ்ப் மொழி அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது, ஆனால் வெளி வேரியபிள்களை எங்கே தேடுவது என்பதில் நெடுநாள் குழம்பியது. க்ளோஷர் என்ற பெயரையும் அந்த ஜோடி யோசனையையும் 1964இல் எழுதியவர் பிரிட்டனின் பீட்டர் லாண்டின். 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் செய்த ஸ்கீம் மொழி அதை ஒழுங்காக நடத்திக் காட்டியது. இவர்களில் யாரும் கால்குலேட்டர் பட்டனை மனதில் வைத்துச் செய்யவில்லை.

க்ளோஷர் இல்லாத சி மொழிக்காரர்களும் பட்டன் செய்தார்கள். சி-யில் ஃபங்ஷன் என்பது நினைவகத்தில் ஒரு முகவரி, அதற்குள் எண்ணை ஒளித்துவைக்க இடம் கிடையாது. எனவே யூனிக்ஸின் எக்ஸ் விண்டோ கருவித்தொகுப்பிலும் பின்னால் வந்த ஜிடிகேயிலும், ஃபங்ஷனைப் பதிவுசெய்யும்போது கூடவே ஒரு பாயின்டரையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். க்ளிக் ஆனதும் அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். லாண்டினின் ஜோடியேதான், கையால் கட்டியது. அங்கேயும் லூப் வேரியபிளின் முகவரியைக் கொடுத்துவிட்டால் இதே கூத்து நடக்கும், ஒரு கூடுதல் வேடிக்கையோடு. சி-யின் லூப் வேரியபிள் 9ஐத் தாண்டி 10 ஆன பிறகுதான் நிற்கும். ஆகவே எந்தப் பட்டனை அழுத்தினாலும், கால்குலேட்டரில் இல்லவே இல்லாத 10 விழலாம். அந்த வேரியபிள் வாழ்ந்த ஃபங்ஷனே முடிந்துபோயிருந்தால் என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சி++ 2011இல் லாம்டாவைச் சேர்த்தபோது முடிவை எழுதுபவரிடமே விட்டது. சதுர அடைப்புக்குள் பெயர் மட்டும் எழுதினால் வெட்டு, முன்னால் ஒரு ‘&’ போட்டால் சீட்டு. ஜாவா வேறு வழியில் கறார் செய்தது. மதிப்பை வெட்டித்தான் தருவேன், அப்படி வெட்டிய வேரியபிளை யாரும் பிறகு மாற்றக் கூடாது, மாற்றினால் கம்பைலே ஆகாது. பலகையை அழிக்கவே தடை. எரிச்சலாக இருக்கும், ஆனால் பத்துச் சட்டியும் விசாலாட்சிக்குப் போகாது.

வேறு சில மொழிகள், லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வேரியபிள் என்று, ஒவ்வொன்றாக மனம் மாறின. ஒரு மொழியின் அர்த்தத்தையே மாற்றுவது லேசான காரியமல்ல, ஏற்கெனவே எழுதியது எது உடையும் என்று தெரியாது. சி-ஷார்ப் 2012இல், ஐந்தாம் பதிப்பில், துணிந்து மாற்றியது. அதுவும் ‘ஃபார்ஈச்’ லூப்பில் மட்டும். ஜாவாஸ்கிரிப்ட் பழைய ‘வார்’ஐத் தொடாமல் 2015இல் ‘லெட்’ என்று புதிய சொல்லைக் கொண்டுவந்தது. அது செய்யும் வேலையைக் கொஞ்சம் நின்று ரசிக்கலாம். லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப் பலகை. பழைய பலகையில் இருந்த எண்ணைப் புதியதில் பார்த்து எழுதி, பிறகு புதியதில் மட்டும் ஒன்றைக் கூட்டும். பழைய பலகையை யாரும் தொடமாட்டார்கள், அந்தச் சுற்றில் ஒட்டிய சீட்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். நமக்கோ ஒரே வேரியபிள் 0, 1, 2 என்று ஓடுவது போலத்தான் தோன்றும்.

கோ மொழி மாறியது 2024 பிப்ரவரியில், 1.22ஆம் பதிப்பில். அதற்குப் பின்னால் நல்ல சூடு ஒன்று உண்டு. இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. சான்றிதழ் தருவதற்கு முன், அந்த டொமைனுக்குச் சான்றிதழ் தர யாருக்கு அனுமதி என்று சில சமயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல டொமைன்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லூப் வேரியபிளின் முகவரியை எடுத்துவைத்ததால், மென்பொருள் ஒரே டொமைனைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. 2020 பிப்ரவரி 29 அன்று இது வெளியே வந்தபோது பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றையும் உடனே ரத்து செய்தால் தளங்கள் முடங்கும் என்று ஒரு பகுதியைக் கடைசியில் விட்டுவைக்க வேண்டியதாயிற்று. கால்குலேட்டரில் விழுந்த அதே 9, வேறு வேடத்தில்.

பைதான் அசையவில்லை. பைதானில் லூப் முடிந்த பிறகும் வேரியபிள் உயிரோடு இருக்கும், கடைசி மதிப்பு என்ன என்று பார்க்க அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் உண்டு. அந்த வழக்கத்தில் கைவைத்தால் வேறு எங்கெங்கோ இடிக்கும். ஆகவே வாசகர் ‘எண்=எண்’ஐயோ பார்ஷியலையோ பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பழகிக்கொண்டு அடுத்த வருடம் பைகியூட்டி என்ற இன்னொரு கருவித்தொகுப்புக்கு மாறினால் ஒரு எச்சரிக்கை. அங்கே பட்டனின் ‘க்ளிக்டு’ சிக்னல் சும்மா வராது. பட்டன் அழுந்திய நிலையில் பூட்டிக்கொண்டதா இல்லையா என்ற ஒரு தகவலையும், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால், கையில் கொண்டுவரும். சாதாரணப் பட்டனுக்கு அது எப்போதும் ‘ஃபால்ஸ்’. ‘எண்=எண்’ என்பது டிஃபால்ட் மதிப்புள்ள ஓர் உள்ளீடு, அதாவது யாரும் எதையும் தராவிட்டால்தான் வெட்டி வைத்த எண் செல்லும். பைகியூட்டி தருகிறது. முதல் உள்ளீடாக ‘எண்’ நிற்பதால் ஃபால்ஸ் நேராக அதில் போய் விழுந்து வெட்டிய எண்ணை மூடிவிடும். பைதான் கணக்கில் ஃபால்ஸ் என்றால் 0, ஆகவே பிழைச் செய்தி ஏதும் வராமலே கூட்டல் தப்பாகும். டிகிண்டரிலும் ‘கமாண்ட்’ வழியாக இல்லாமல் ‘பைண்ட்’ வழியாகக் க்ளிக்கைப் பிடித்தால், நிகழ்வைப் பற்றிய ஒரு பொருள் இப்படித்தான் முதல் உள்ளீடாக வந்து நுழையும். இரண்டு இடத்திலும் லாம்டாவின் முதல் உள்ளீட்டை வருகிறவருக்கு ஒதுக்கிவிட்டு ‘எண்=எண்’ஐ இரண்டாவதாக எழுத வேண்டும்.